தொண்டையில் தங்கும் கொனோரியா

நேயர்களுக்கு வணக்கம். பால்வினை நோய் என்றதும் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட வேண்டாம். இன்று நான் பேசப்போவது பெரும்பாலும் தொண்டையைப் பற்றித்தான்.

ஊரில் வெட்டை நோய் என்பார்களே, அந்தக் கொனோரியா 2020-ல் மட்டும் உலகெங்கும் 8 கோடியே 20 லட்சம் பேருக்குப் புதிதாக வந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. 1930களில் சல்ஃபா மருந்துக்கு அடங்கிய கிருமி, பத்தாண்டுக்குள் அதற்குப் பழகிக்கொண்டது. அப்புறம் பெனிசிலின். அளவைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தார்கள். 1976-ல் பெனிசிலினையே உடைத்துப்போடும் நொதியோடு கிருமி வந்து நின்றது. டெட்ராசைக்ளினும் போயிற்று, சிப்ரோஃப்ளாக்சசினும் போயிற்று. மிஞ்சியது செஃப்ட்ரியாக்சோன் ஊசி.

அந்த ஊசிக்கும் கடுமையாக எதிர்த்து நின்ற கிருமி 2009-ல் ஜப்பானின் கியோட்டோவில் கிடைத்தது. ஒருவருடைய தொண்டையிலிருந்து எடுத்த கிருமி அது.

வாய்வழி உறவின்போது தொண்டைக்குப் போகும் கொனோரியா பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. வலி இல்லாதபோது டாக்டரிடம் யார் போவார்கள்? அதே தொண்டையில், கொனோரியா கிருமியின் உறவுக்காரர்களான, நைசீரியா குடும்பத்தைச் சேர்ந்த தீங்கில்லாத கிருமிகள் நம் எல்லோரிடமும் குடியிருக்கின்றன. சளி, இருமல் என்று மெடிக்கல் ஷாப்பில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி விழுங்கும்போதெல்லாம் அவையும் அடி வாங்குகின்றன. மருந்தைத் தாங்கும் மரபணு உள்ளவை பிழைத்துப் பெருகுகின்றன. பக்கத்தில் கிடக்கும் டி.என்.ஏ. துண்டை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்வதில் கொனோரியா கிருமி மகா கெட்டிக்காரன். கியோட்டோ கிருமியின் எதிர்ப்பு மரபணுவும் இப்படி உறவுக்கிருமிகளிடமிருந்து எடுத்து ஒட்டுப்போட்டதுதான். சளிக்குத் தேவையில்லாமல் போட்ட மாத்திரை எங்கே போய் முடிகிறது பாருங்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

2018-ல் இங்கிலாந்தில் ஒருவருக்குச் செஃப்ட்ரியாக்சோன் போட்டார்கள். சிறுநீரில் கிருமி மறைந்தது, தொண்டையில் போகவில்லை. வேறு ஊசி போட்டும் அசையவில்லை. கடைசியில் எர்ட்டாபெனெம் என்ற மருந்தை மூன்று நாள் ரத்தக்குழாய் வழியாக ஏற்றித்தான் தீர்த்தார்கள். சிறுநீரை மட்டும் பார்த்து அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால், அந்தக் கிருமி எத்தனை பேரிடம் போயிருக்குமோ!

ஆகவே தொண்டையில் கொனோரியா இருந்தால், சிகிச்சை முடிந்து 7 முதல் 14 நாளுக்குள் மறுபடி சோதிக்கச் சொல்கிறது அமெரிக்க நோய்த்தடுப்பு மையம். அப்போதும் கிருமி தெரிந்தால் கல்ச்சர் செய்ய வேண்டும். எந்த மருந்துக்கு அடங்கும் என்பது கிருமியை வளர்த்துப் பார்த்தால்தான் முழுசாகத் தெரியும். துணைவருக்கும் சேர்த்துச் சிகிச்சை தர வேண்டும். இல்லாவிட்டால் அதே கிருமி திரும்ப வரும். வாய்வழி உறவு இருந்ததா என்று டாக்டர் கேட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லலாம். அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவில் இதற்குச் சிகிச்சை இலவசம்.