தறப்பாளும் கம்பளிக் கூடாரமும்

(கிளிநொச்சி மாவட்டக் கிராமம் ஒன்றின் சனசமூக நிலையத்தில், மாணவர்களுக்கான குறும் ஆவணப்படத் திரையிடலின் முதல் நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வந்திருக்கும் பெற்றோருக்கும், முன்னால் பாயில் இருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

படம் போடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் பேசச் சொன்னார்கள். போன வருடம் நான் விட்ட ஒரு பிழையிலிருந்து தொடங்குகிறேன்.

என்னிடம் ரியூசனுக்கு வரும் பிள்ளைகளுக்கு மொங்கோலிய மேய்ப்பர்களைப் பற்றிய பத்து நிமிடப் படம் ஒன்றைக் காட்டினேன். பரந்த புல்வெளி, குதிரைகள், நடுவில் வட்டமாக ஒரு வெள்ளைக் கூடாரம். படம் முடிந்ததும் தரம் 9 படிக்கும் பிள்ளை ஒருத்தி, "பாவம் சேர், அவைக்கு வீடே இல்லை" என்றாள். மற்றப் பிள்ளைகளும் தலையாட்டினார்கள். எல்லாரும் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள்தான். ஆனாலும் தறப்பாள் கொட்டிலில் இருந்த கதையை அம்மா அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள். இந்த மண்ணில் கூடாரம் என்றால் இடப்பெயர்வு. அதையே அவள் மொங்கோலியாவிலும் கண்டாள்.

பிழை பிள்ளையில் இல்லை. படம் கூடாரத்தைக் காட்டியது, ஏன் கூடாரம் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வீட்டின் பெயர் கெர். குறுக்கும் மறுக்குமாகக் கோத்த மரச்சட்டங்கள்தான் சுவர். மடக்கினால் சுருங்கும், விரித்தால் நிற்கும். அதைச் சுற்றி, செம்மறியாட்டு மயிரை நனைத்து, சுருட்டி, உருட்டி உருட்டி இறுக்கிய தடித்த கம்பளி. குளிர்காலத்தில் பூச்சியத்துக்குக் கீழே 30 பாகை வரை இறங்குகிற நாடு அது. பருவம் மாறும்போது புல் இருக்கிற இடத்துக்கு மந்தை போகவேண்டும், வீடும் கூடவே போகிறது. இந்தக் கைவினையை 2013இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நாங்கள் தறப்பாளைச் சுமந்தது செல்லடிக்குப் பயந்து. அவர்கள் கெரைச் சுமப்பது ஆட்டுக்குப் புல் தேடி.

அடுத்த கிழமை அதே படத்தைத் திரும்பவும் போட்டேன். இந்தமுறை மூன்று இடத்தில் நிறுத்தி இதையெல்லாம் சொன்னேன். அதே பிள்ளை கேட்டாள்: "மழை பெய்தால் கம்பளி ஊறாதா சேர்?" எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கம்பளிக்கு மேலே ஒரு கன்வஸ் துணி போடுவார்கள் என்று சொன்னேன். முதல் கிழமை பாவம் பார்த்தவள், இரண்டாம் கிழமை வீடு கட்டத் தெரிந்த ஒருவருடன் கதைப்பதுபோலக் கேட்கிறாள். குறும் ஆவணப்படங்களை நான் இவ்வளவு விரும்புவது இதற்காகத்தான். பத்து நிமிடம் என்றபடியால் திரும்பவும் போடலாம், நிறுத்தலாம், சண்டை பிடிக்கலாம். இரண்டு மணி நேரப் படத்தில் இது நடக்காது.

கேட்கவேண்டிய இன்னொரு கேள்வி, கமராவுக்குப் பின்னால் நின்றது யார் என்பது. 1922இல் ரொபேர்ட் ஃபிளாஹெர்ட்டி கனடாவின் வடக்கில் இனுயிட் மக்களை வைத்து எடுத்த 'நானூக் ஒஃப் த நோர்த்' உலகப் புகழ் பெற்ற படம். அந்த மக்கள் அப்போதே துவக்கால் வேட்டையாடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் படத்துக்காகப் பழைய ஈட்டியைத் தூக்கச் சொன்னார். பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதாது என்று பாதி வீடு மட்டும் கட்டிப் படமெடுத்தார். நானூக் என்ற பெயர்கூட அந்த மனிதருடையது அல்ல. அவர் பெயர் அலக்கரியல்லாக். வன்னிப் பிள்ளைகளுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. எங்களையும் வெளியாட்கள் நிறையவே படம் பிடித்தார்கள். அழுகிற முகங்கள்தான் அதிகம் வந்தன. எங்கள் முல்லைமோடிக் கூத்தின் பாட்டும், வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கடல்நீர் எடுத்து வந்து அதில் விளக்கேற்றுவதும் எத்தனை படத்தில் வந்தன? மொங்கோலியப் பிள்ளை ஒன்று அந்த விளக்கைப் பார்த்தால் என்ன கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். கையில் போன் இருக்கிற பிள்ளைகள் அதை எடுக்கலாம். பெரியவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

சரி, இன்றைய படத்துக்கு வருகிறேன். இந்தோனேசியாவின் பாலித்தீவு. அங்கே வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் கமக்காரர் அமைப்புக்கு சுபாக் என்று பெயர். எந்த ஊர் எப்போது விதைப்பது, எந்த ஊர் எப்போது வயலைத் தரிசாக விடுவது என்பதை நீர்க்கோயில்களில் கூடித் தீர்மானிப்பார்கள். 1970களில் பசுமைப் புரட்சி என்று சொல்லி, முறை பார்க்காமல் தொடர்ந்து விதைக்க அரசாங்கம் சொன்னது. எலியும் அறக்கொட்டியான் பூச்சியும் பெருகி விளைச்சலை அழித்தன. எல்லாரும் ஒன்றாகத் தரிசு விடும்போது பூச்சிக்குச் சாப்பாடு இல்லாமல் போகும் என்பதை, ஸ்டீபன் லான்சிங் என்ற மானிடவியலாளர் பிறகு கணினிக் கணக்கிலும் காட்டினார். சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர், எத்தனை ஏக்கர் என்று கூட்டம் போட்டுத் தீர்மானிக்கிற ஊருக்கு இது தூரத்துக் கதையா?

படத்தின் விளக்கம் ஆங்கிலத்தில் ஓடுகிறது, அதுவும் வேகமாக. அதனால் சத்தத்தை நிறுத்திவிட்டுப் போடப்போகிறோம். முப்பது வருடம் குளத்தின் துலுசை, அதாவது மதகை, திறந்து பூட்டி வயல்களுக்குத் தண்ணீர் விட்ட எங்கள் வட்டவிதானை ஐயா முன்னுக்கு வந்து, பாலிக்காரர் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துச் சொல்வார். ஐயா, இந்தக் கதிரைக்கு வாங்கோ. தம்பி, லைற்றை நிப்பாட்டு.