குப்பை வண்டி டைமிங் தெரிஞ்ச பாக்டீரியா!

[காட்சி: வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு தெரு. காலை ஆறரை மணி. குப்பை வண்டி விசில்.]

இந்த விசில் கேட்டதும் பக்கெட்டைத் தூக்கிட்டு ஓடுறோம்ல? இதே மாதிரி ஒரு குப்பை வண்டி உங்க குடல் செல்லுக்குள்ளயும் ஓடுது. அது எந்தக் குப்பையை முதல்ல அள்ளும்னு தெரிஞ்ச மாதிரியே ஒரு பாக்டீரியா உள்ள வருது. கடைசி வரைக்கும் இருங்க, ஒரு குட்டு உடையப் போகுது.

பேர் சால்மோனெல்லா. எங்க ஆயா விஷக் காய்ச்சல்னு சொல்லும், அந்த டைபாய்டு இந்தக் குடும்பம்தான். 2017-லிருந்து 2020 வரைக்கும் நாட்டுல சில இடங்கள்ல சுமார் 24 ஆயிரம் குழந்தைங்களைப் பின்தொடர்ந்து டைபாய்டு கணக்கெடுத்தாங்க. வேலூரும் அதுல ஒண்ணு. நகரப் பகுதிகள்ல வருஷத்துக்கு ஒரு லட்சம் குழந்தைங்களுக்கு 576-லிருந்து 1,173 கேஸ். தண்ணியைக் காய்ச்சிக் குடிங்க. அவ்ளோதான் அட்வைஸ், மேட்டருக்கு வருவோம்.

[காட்சி: கிரீன் சர்க்கிள், வண்டி நெரிசல்.]

செல்லுக்குள்ள ரேக், சிடிசி42னு ரெண்டு புரதம் இருக்கு. ரெண்டுமே ஸ்விட்ச். ஜிடிபி (GDP)ங்கிற குட்டி மூலக்கூறு ஒட்டியிருந்தா ஆஃப், அதைக் கழட்டிட்டு ஜிடீபி (GTP) ஒட்டினா ஆன். ச்சே, ஜிடிபிக்கும் ஜிடீபிக்கும் நாக்கு சுளுக்கிக்கும்! ஒட்டினதுல பாஸ்பேட் ரெண்டு இருந்தா ஆஃப், மூணு இருந்தா ஆன். இப்படி வெச்சுக்கோங்க. ஆன் ஆனா செல்லோட எலும்புக்கூடு மாதிரி இருக்கிற ஆக்டின் இழை வளரும், மேல்தோல் அலை மாதிரி பொங்கும். எப்ப ஆன் பண்ணணும்னு செல்தான் முடிவு பண்ணணும்.

சால்மோனெல்லா கிட்ட ஒரு ஊசி இருக்கு. 1998-ல எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல அதை அப்படியே பார்த்துட்டாங்க. அந்த ஊசி வழியா சாப்-இன்னு ஒரு புரதத்தை உள்ள ஏத்துது. ஸ்விட்சை ஆன் பண்ற செல்லோட சொந்த ஆளுங்களுக்கும் இதுக்கும் முகஜாடையே கிடையாது, ஆனா கைவேலை அதேதான். ஸ்விட்சை ஆன் பண்ணும். செல் பொங்கி, பாக்டீரியாவைத் தானே வாரி உள்ள இழுத்துக்கும்.

பொங்கிட்டே இருந்தா செல் நாசமாயிடும், உள்ள போனவனுக்கும் வீடு இருக்காது. அதுக்கு எஸ்பிடிபின்னு இன்னொரு புரதம். இது ஆஃப் பண்ற ஆளு.

இப்ப கேளுங்க, எனக்குத் தூக்கம் போன இடம் இதுதான். இந்த ரெண்டையும் பாக்டீரியா ஒண்ணு முன்னாடி ஒண்ணு பின்னாடின்னு அனுப்பல. கிட்டத்தட்ட ஒரே அளவுல ரெண்டும் உள்ள போகுது. அப்போ ஆனும் ஆஃபும் அடிச்சுக்கணும்ல? அடிச்சுக்கல.

[காட்சி: பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி.]

மக்கும் குப்பை, மக்காத குப்பை! சாப்-இ வாழை இலை மாதிரி. செல்லோட குப்பை மெஷின் புரோட்டியசோம் அதைச் சீக்கிரமா அரைச்சுத் தள்ளிடும். எஸ்பிடிபி கேரி பேக் மாதிரி, ரொம்ப நேரம் கிடக்கும். முதல்ல ஆன் பண்ற ஆள் ஜெயிக்கிறான். அவன் குப்பைக்குப் போனதும் ஆஃப் பண்ற ஆள் தனியா நின்னு ஸ்விட்சை அணைக்கிறான், செல் பழையபடி அடங்கிடுது. கதவை மூடுற நேரத்தை வீட்டுக்காரனோட குப்பை வண்டியே குறிக்குது! 2003-ல இதைக் கண்டுபிடிச்சவங்க இன்னொண்ணும் பார்த்தாங்க: எவ்வளவு நேரம் தாங்கும்ங்கிறதை அந்தப் புரதத்தோட முன்பக்கத் துண்டுதான் முடிவு பண்ணுது. ஆன் பட்டனும் பச்சை, மக்கும் குப்பைத் தொட்டியும் பச்சை. சத்தியமா நான் பிளான் பண்ணல.

எல்லா பாக்டீரியாவும் இப்படி நாசூக்கு இல்ல. ஷிகெல்லான்னு இன்னொரு பாக்டீரியா, செல்லோட சிக்னல் புரதத்துல இருக்கிற பாஸ்பேட்டை, திரும்ப ஒட்டவே முடியாத மாதிரி பிடுங்கிடும். ரவுடித்தனம்.

சரி, குட்டு. இவ்ளோ நேரம் சொன்னது சால்மோனெல்லா டைஃபிமூரியத்தோட கதை, வயித்துப்போக்கு பண்ற பங்காளி. நம்ம ஊர் டைபாய்டு கிருமி கிட்டயும் எஸ்பிடிபி ஜீன் இருக்கு. ஆனா அதுல வர்ற புரதம், கூடவே காவலுக்கு வரவேண்டிய துணைப் புரதத்தோட ஒட்டாம, ஊசியே ஏறாம அழிஞ்சு போகுது. அப்போ அங்க ஆஃப் பண்றது யாரு? உங்க யூகத்தைக் கமெண்ட்ல போடுங்க, நான் பக்கெட்டைக் கழுவிட்டு வரேன்.