இரண்டாவது கேள்வியும் கேள்விதான்

நேயர்களுக்கு வணக்கம். கோத்தகிரியில் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வுக்கு, அதாவது வெளிநாட்டில் படிக்கவோ வேலை பார்க்கவோ போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வுக்கு, பிள்ளைகளைத் தயார்செய்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் நர்சிங் முடித்தவர்கள். பச்சைத் தேயிலை விற்ற காசில் பீஸ் கட்டிப் படிக்கவைத்த வீட்டுப் பிள்ளைகள். அவர்களில் ஒருவருக்கு மார்க் குறைந்தாலும் அன்று எனக்குத் தூக்கம் வராது.

போன வருடம் ஒரு பெண் எழுத்துப் பகுதியில் ஒன்பதுக்கு 6 வாங்கினாள். வேண்டியிருந்தது 7. அவளுடைய பயிற்சி நோட்டை மறுபடி புரட்டினேன். இலக்கணத்தில் குறையே இல்லை. ஆனால் இரண்டு கேள்வி இருந்த ஒவ்வொரு கட்டுரையிலும் முதல் கேள்விக்கு ஒன்றரைப் பக்கம், இரண்டாவதற்கு இரண்டே வரி. அதை முன்பே கவனிக்காமல் விட்டேனே என்று இன்றும் வருத்தம்.

எழுத்துப் பகுதியின் இரண்டாவது பணி கட்டுரை. குறைந்தது 250 சொற்கள் எழுத வேண்டும். 40 நிமிடம் ஒதுக்கச் சொல்கிறார்கள். முதல் பணியைவிட இதற்கு இரண்டு மடங்கு மதிப்பு. சில தலைப்புகளில் இரண்டு கேள்விகள் இருக்கும். ஒன்றை விரிவாகவும் மற்றதை மேலோட்டமாகவும் தொட்டால், கேள்விக்குப் பதில் சொன்ன அளவில் 6 கிடைக்கலாம். 7 வேண்டுமென்றால் இரண்டுக்கும் உரிய பதில் இருக்க வேண்டும்.

ஒரு தலைப்பைப் பாருங்கள். மலை ஊர்களுக்குச் சுற்றுலாக் கூட்டம் பெருகுகிறது. ஏன்? இதனால் வரும் சிக்கலை எப்படிச் சமாளிப்பது? முதல் கேள்விக்கு நம் பிள்ளைகள் வெளுத்துக்கட்டுவார்கள்: சமவெளியின் வெயில், பள்ளி விடுமுறை, வீட்டுக்கு வீடு கார். அப்புறம் மணியைப் பார்த்துவிட்டு, "அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று முடித்துவிடுவார்கள். வண்டியில் வருகிறவர்கள் முன்கூட்டியே இணையத்தில் எடுக்க வேண்டிய இ-பாஸ் கண்ணெதிரே இருக்கிறதே! உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வந்தது. அதை ஏன் கொண்டுவந்தார்கள், அதுமட்டும் போதுமா என்று நாலு வரி எழுதினால் இரண்டாவது பாராவுக்கு உயிர் வந்துவிடும். சொந்த அனுபவத்திலிருந்து உதாரணம் தரலாம் என்று வினாத்தாளிலேயே சொல்லியிருக்கிறார்கள். லண்டனைத் தேடிப் போக வேண்டாம். நம் ஊட்டி சேரிங் கிராஸ் நெரிசலை எழுதுங்கள்.

மனப்பாட முன்னுரைகளை விட்டுவிடுங்கள். முதல் ஐந்து நிமிடம் கட்டுரையைத் தொடங்கவே வேண்டாம். கேள்விக்குறிகளை எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே வாக்கியத்தில் பதில் குறித்துக்கொள்ளுங்கள், அதுவும் இரண்டாவது கேள்விக்கு முதலில். முன்னுரையில் இரண்டு பதிலும் சுருக்கமாக வரட்டும். பிறகு கேள்விக்கு ஒரு பாரா. ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு நிமிடம். முதல் பாரா நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் சரி, நேரம் முடிந்தால் அடுத்ததற்குப் போய்விடுங்கள். முடிவுரையிலும் இரண்டு பதிலும் இருக்கட்டும்.

இன்று ராத்திரிக்கு ஒரு தலைப்பு தருகிறேன், நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். படித்த இளைஞர்கள் மலைக் கிராமங்களை விட்டு நகரங்களுக்குப் போகிறார்கள். காரணம் என்ன? இது நல்ல மாற்றமா? எழுதி முடித்ததும் இரண்டு பாராக்களிலும் எத்தனை வரி என்று எண்ணிப் பாருங்கள். வணக்கம்.