பால் வாங்கப் போன தெருவில்தான் பெர்லின் இருக்கிறது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பெர்லின் போய்வந்தவர் மனதில் நிற்பது நினைவுச் சின்னங்களா, அன்றாடத் தெருவா? இதுதான் தலைப்பு. எதிரணி நண்பர் பிராண்டன்பர்க் வாசலையும், 368 மீட்டர் தொலைக்காட்சிக் கோபுரத்தையும், நாடாளுமன்றத்தின் கண்ணாடிக் குவிமாடத்தையும் இந்த மேடைக்கே தூக்கி வந்துவிட்டார். நன்றாகத்தான் பேசினார். ஆனால் அய்யா, அந்த மூன்றையும் நான் விமானம் ஏறுவதற்கு முன்பே காலண்டரில் பார்த்தாயிற்று. நேரில் போனபோது காலண்டரில் இருந்த மாதிரியே இருந்தன!

தெரு அப்படியில்லை. சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கினால் தடுப்புக் கதவே கிடையாது. சென்னை மெட்ரோவில் அட்டையைத் தேய்த்துப் பழகியவன் திருதிருவென்று நின்றேன். டிக்கெட்டை ஒழுங்காகக் காசு கொடுத்துத்தான் வாங்கினேன். நடைமேடையில் நிற்கும் சின்னப் பெட்டிக்குள் அதைச் செருகி முத்திரை குத்த வேண்டும் என்பது மட்டும் தெரியாது. இரண்டு நிறுத்தம் தாண்டியதும், அதுவரை எதிரே உட்கார்ந்து என்னைப் போலவே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஜீன்ஸ்காரர் எழுந்து அடையாள அட்டையை நீட்டினார். பரிசோதகராம்! அபராதம் 60 யூரோ. குவிமாடத்தில் என்ன பார்த்தேன் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன். அந்த ஜீன்ஸ்காரர் முகத்தை இப்போதே வரைந்து காட்டட்டுமா?

அப்புறம் பாட்டில். தண்ணீர் பாட்டில் வாங்கும்போதே 25 சென்ட் முன்பணம் பிடித்துக்கொள்கிறார்கள். காலி பாட்டிலைக் கடையிலுள்ள எந்திரத்தின் வாயில் வைத்தால் உருட்டிப் பார்த்துவிட்டுச் சீட்டு தரும், அதைக் கல்லாவில் கொடுத்துக் காசு வாங்கலாம். நான் பழக்க தோஷத்தில் பாட்டிலை நசுக்கிக் கொண்டுபோனேன். எந்திரம் உள்ளே இழுத்தது, யோசித்தது, துப்பிவிட்டது. வரிசையில் பின்னால் நின்ற பாட்டி, அதை வாங்கி வாய் வைத்து ஊதி நிமிர்த்திக் கொடுத்தார். இரண்டாம் தடவை ஏற்றுக்கொண்டது. பூங்காவிலோ பாட்டிலைக் குப்பைத்தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் நிறுத்தி வைக்கிறார்கள். பையோடு வரும் ஏழை ஒருவர் தொட்டிக்குள் கையை நுழைக்காமல் எடுத்துப்போகட்டும் என்று.

ஞாயிற்றுக்கிழமை கடையடைப்பைப் பற்றிச் சொன்னால் என் பசிதான் ஞாபகம் வரும். விடுங்கள்.

"தெருவில் வரலாறு ஏது?" என்று கேட்டார் நண்பர். தலையைக் குனிந்து நடந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார். 1961 ஆகஸ்ட் 13-இல் கிழக்கு ஜெர்மனி அரசு ஒரே இரவில் நடுவே அடைத்து, பிறகு சுவர் எழுப்பிய நகரம் அது. 1989 நவம்பர் 9-இல் திறந்தது. சுவர் போன தடத்தில் தார்ச்சாலைக்கு நடுவே இரட்டை வரிசையாகக் கல் பதித்திருக்கிறார்கள். அதன் மேல் சைக்கிள் போகிறது, தள்ளுவண்டியில் குழந்தை போகிறது. சாலையைக் கடக்கும் விளக்கில் நிற்கும் தொப்பிக்காரக் குட்டி மனிதன்கூடக் கிழக்கு பெர்லின்காரன்தான். கிழக்கு ஜெர்மனி என்ற நாடு போனது, அவன் மட்டும் வேலையில் தொடர்கிறான்.

நான் தங்கிய தெருவில் ஒரு வீட்டு வாசலில் உள்ளங்கையளவு பித்தளைத் தகடு, பத்து சென்டிமீட்டர்தான், நடைபாதையோடு பதிந்திருந்தது. "இங்கே வாழ்ந்தார்" என்று தொடங்கி ஒரு பெயர், பிறந்த ஆண்டு, நாஜிகள் பிடித்துப்போன ஆண்டு, கொல்லப்பட்ட இடம். அதுவும் நினைவுச் சின்னம்தானே என்று எதிரணி துள்ளும். துள்ளட்டும். டிக்கெட் எடுத்து, வரிசையில் நின்றா பார்த்தேன்? பால் வாங்கப் போகையில் காலில் பட்டது அய்யா.

ஊர் திரும்பும் நாள் காலையில் அந்த வாசலில் ஒரு பெண் மண்டியிட்டு, அந்தத் தகட்டைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் வாங்கிவந்த ரொட்டிப் பை. துடைத்து முடித்ததும் பையை எடுத்துக்கொண்டு, சாவியைத் தேடியபடி அதே வீட்டுக்குள் போனார்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். நன்றி, வணக்கம்.