சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் அரசு கை வைக்கலாமா?

வணக்கம். நீங்கள் இருபது பேர் சேர்ந்து ஊரில் ஒரு நாடக மன்றம் ஆரம்பித்து, சந்தா போட்டு, வாடகை கட்டி, பத்து வருஷம் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் அரசு வந்து, "உங்களில் யாரையும் நீக்கவில்லை, ஆனால் இனி யாரைச் சேர்ப்பது என்பதற்கு நாங்கள் போடும் குழுதான் விதி எழுதும்" என்கிறது. மன்றம் இப்போது யாருடையது?

[திரையில்: 1910 – 1956 – 1962 – 1971]

அலகாபாத்தில் இருக்கும் இந்தி சாகித்ய சம்மேளனத்துக்கு நடந்தது ஏறக்குறைய இதுதான். இந்தி மொழியை வளர்க்க 1910-ல் தொடங்கிய தனியார் சங்கம் அது. (1918-ல் காந்தி தலைமையில் இந்தூரில் இதன் மாநாடு நடந்தது, சென்னையின் தட்சிண பாரத இந்தி பிரச்சார சபா பிறந்ததும் அதே வருஷம், அதைத் தொடர்ந்துதான்.) விடுதலைக்குப் பிறகு உள்ளுக்குள் தகராறு, கோர்ட், கேஸ். உத்தரப் பிரதேசம் 1956-ல் சட்டம் போட்டுத் தலையிட்டது, உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதோடு விட்டார்களா? 1962-ல் நாடாளுமன்றமே 'தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம்' என்று அறிவித்து வேறொரு சட்டம் கொண்டுவந்தது.

அதில் 4-ஆம் பிரிவைக் கவனியுங்கள். பழைய ஆயுள் உறுப்பினர்கள் இருக்கலாம். புதியவர்கள் விதிப்படி வருவார்கள், அந்த விதியோ மத்திய அரசு அமைத்த நிர்வாகக் குழுவின் வழியாக வரும். சங்கத்தை நடத்திவந்தவர்களுக்கு அதில் பேச்சே இல்லை.

அரசுத் தரப்பு சொன்னது: சங்கம் அமைக்கும் உரிமைதானே அடிப்படை உரிமை, அமைத்தாகிவிட்டதே, அதோடு முடிந்தது. இந்தச் சட்டத்தை எதிர்த்து வந்த தமயந்தி நாரங்கா வழக்கில், 1971-ல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. சேர்ந்தவர்கள் தாங்களாக விரும்பிச் சேர்த்துக்கொண்டவர்களோடு தொடர்வதும் அந்த உரிமைக்குள் அடங்கும், இல்லையென்றால் இன்று அமைத்த சங்கத்தை நாளைக்கே சட்டம் போட்டு மாற்றிவிடலாமே என்றது. இந்த உரிமையைக் கட்டுப்படுத்தப் பொது ஒழுங்கு, ஒழுக்கம் மாதிரி அரசியல் சாசனம் சொல்லும் காரணங்கள் வேண்டும்; நிர்வாகம் சரியில்லை என்பது அதில் வராது. முழுச் சட்டமும் செல்லாமல் போனது.

எனக்கு இந்தத் தீர்ப்பு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் கட்டடத்தையும் கணக்கையும் தாண்டி, உறுப்பினர் பட்டியல்தான் ஒரு சங்கத்தின் உயிர் என்று சரியான இடத்தில் விரல் வைத்தது. அசாமிலும் இந்தியைப் பரப்பும் சங்கமான ராஷ்டிரபாஷா பிரச்சார சமிதியைத் 'தற்காலிகமாக' எடுத்துக்கொள்வதாகச் சொல்லிச் சட்டம் வந்தது. 1989-ல் அதையும் இதே வழியில் உச்ச நீதிமன்றம் தள்ளியது.

அப்புறம் ஒன்று, கூட்டுறவுச் சங்கங்களை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவை பிறப்பதே சட்டத்தால்தான் என்பதால், 1985-ல் அதே நீதிமன்றம் அவற்றுக்கு இந்தப் பாதுகாப்பைத் தரவில்லை.