ஒரே எலிமென்ட், இரண்டு பொய்கள்: தரம் மாறும் பொருளைக் கணினியில் இழுத்துப் பார்ப்போம்

[திரையில்: ஒரு சதுரம். இடது ஓரத்தில் 100, வலது ஓரத்தில் 200.]

வணக்கம். இந்தச் சதுரத்தின் விறைப்பு இடமிருந்து வலமாகக் கூடிக்கொண்டே போகிறது. இதை வலப்பக்கமாக 150 மெகாபாஸ்கல் தகைவில், அதாவது பரப்பளவுக்கு இவ்வளவு என்ற விசையில், இழுக்கப்போகிறேன். உள்ளே எந்த இடத்தில் வெட்டிப் பார்த்தாலும் 150தான் இருக்க வேண்டும். பள்ளிக்கூட இயற்பியலே இதற்குப் போதும். ஆனால் பெரிய நிறுவனங்கள் காசு கொட்டி வாங்கும் சிமுலேஷன் மென்பொருள், இடது ஓரத்தில் 100 என்றும் வலது ஓரத்தில் 200 என்றும் காட்டக்கூடும். எச்சரிக்கை வராது, சிவப்பு எழுத்து வராது. வேடிக்கை என்னவென்றால், பழைய சோம்பேறி முறையில் செய்திருந்தால் 150 என்று சரியாகவே சொல்லியிருக்கும்!

முதலில் பின்னணி. வேகமாக முடித்துவிடுகிறேன், சேனலை மாற்றிவிடாதீர்கள்.

ஒரு பக்கம் செராமிக், மறுபக்கம் உலோகம், நடுவில் எல்லைக்கோடே இல்லாமல் கலவை விகிதம் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே போகும் பொருளுக்கு ஃபங்ஷனலி கிரேடட் மெட்டீரியல் என்று பெயர். நாம் எஃப்.ஜி.எம். என்போம். 1980களின் நடுவில் ஜப்பானிய ஆய்வாளர்கள் விண்வெளி விமானத்துக்காக இந்த எண்ணத்தை வளர்த்தார்கள். வெளிப்பரப்பு 2000 கெல்வினைத் தாங்க வேண்டும். 10 மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுக்குள் வெப்பநிலை 1000 கெல்வின் இறங்க வேண்டும். உலோகத்தின் மேல் செராமிக்கை நேராக ஒட்டினால், சூட்டில் உலோகம் அதிகமாக விரியும், செராமிக் அந்த அளவுக்கு விரியாது, ஒட்டிய இடம் உரிந்துவிடும். ஆகவே ஒட்டுக் கோட்டையே இல்லாமல் செய்துவிட்டார்கள். மூங்கிலைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், இதே ஏற்பாடு: வெளிப்பக்கம் நார்க்கற்றைகள் நெருக்கம், உட்பக்கம் இடைவெளி. வெயிலும் காற்றும் பட்டு மேலிருந்து கீழாக இறுகிப்போகும் தார்ச் சாலையையும் சில ஆய்வாளர்கள் எஃப்.ஜி.எம். ஆகவே கணக்கிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அதுதான். விண்வெளி விமானத்துக்குப் பிறந்த கணக்கு கடைசியில் தார்ச் சாலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பின்னணி முடிந்தது.

[திரையில்: படிக்கட்டும் சரிவுப் பாதையும் பக்கம் பக்கமாக.]

ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளிடம் ஒரு பொருளைக் கொடுத்தால், அதைச் சின்னச் சின்ன எலிமென்ட்டுகளாக நறுக்கும். வழக்கமாக ஒரு எலிமென்ட்டுக்கு ஒரே பொருள், ஒரே யங் குணகம், அதாவது ஒரே விறைப்பு. நீங்கள் கட்டியது சரிவுப் பாதை; மென்பொருள் அதைப் படிக்கட்டாக மாற்றிக்கொள்கிறது. இதைக் கண்டு மனம் பொறுக்காதவர்கள், எலிமென்ட்டுக்கு உள்ளேயும் யங் குணகம் மாறட்டும் என்றார்கள். அதுதான் கிரேடட் எலிமென்ட். 2000ஆம் ஆண்டையொட்டி சாண்டேர், லாம்ப்ரோஸ் ஆகியோரும், பிறகு கிம், பாலினோ ஆகியோரும் இதை விரிவாக எழுதினார்கள். கேட்டவுடன் என்ன தோன்றுகிறது? சரிவுதான் எப்போதும் நல்லது என்றுதானே? அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம்.

அந்தச் சதுரத்துக்கே வருவோம். மூலைக்கு ஒன்றாக நான்கு கணுக்கள், அதாவது நகர்வைக் கணக்கிடும் புள்ளிகள், கொண்ட ஒரே எலிமென்ட். யங் குணகம் இடது ஓரத்தில் 100 கிகாபாஸ்கல், வலது ஓரத்தில் 200, நடுவே நேர்கோடாக ஏற்றம். இழுக்கும்போது பக்கவாட்டில் எவ்வளவு சுருங்கும் என்பதைச் சொல்லும் பாய்சான் விகிதத்தை, தொல்லை வேண்டாம் என்று பூஜ்ஜியமாக்கிவிடுகிறேன்.

முதல் சோதனை: மேல்நோக்கி இழுக்கிறோம், எல்லா இடத்திலும் திரிபு, அதாவது நீளும் விகிதம், ஆயிரத்தில் ஒன்று. உண்மையான தகைவு இடது ஓரத்தில் 100 மெகாபாஸ்கல், வலது ஓரத்தில் 200. கிரேடட் எலிமென்ட் அதை அச்சுப் பிசகாமல் சொல்கிறது. சாதாரண எலிமென்ட் சராசரி எடுத்து எங்கும் 150 என்கிறது. பொய்.

இரண்டாவது சோதனை: அதே சதுரம், வலப்பக்கமாக இழுக்கிறோம். உண்மையில் தகைவு எங்கும் 150; திரிபுதான் மாறும், மென்மையான இடது பக்கம் அதிகமாக நீளும். ஆனால் நான்கு கணு எலிமென்ட்டால் இந்தத் திசையில் ஒரே அளவு திரிபைத்தான் காட்ட முடியும். 150 மெகாபாஸ்கலைச் சராசரி 150 கிகாபாஸ்கலால் வகுத்தால் அதற்குத் தெரிந்த திரிபு ஆயிரத்தில் ஒன்று. அதைக் கிரேடட் எலிமென்ட் ஒவ்வோர் இடத்திலும் அந்தந்த யங் குணகத்தால் பெருக்குகிறது: இடது ஓரம் 100, வலது ஓரம் 200. சாதாரண எலிமென்ட்டோ 150 கிகாபாஸ்கலால் பெருக்கி 150 என்கிறது. சரியான விடை!

எண்களைக் கவனித்தீர்களா? இரண்டு சோதனையிலும் இரண்டு எலிமென்ட்டும் சொன்னதையேதான் சொல்கின்றன. மாறியது இழுத்த திசை மட்டும். இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நீங்கள் உட்கார்ந்தே பார்க்கலாம், ஒரு லைக் மட்டும் போட்டுவிடுங்கள்.

மெஷ்ஷை, அதாவது எலிமென்ட்டுகளின் வலையை, நுணுக்கினால் இரண்டு பொய்களும் சுருங்கும். ஆனால் படம் வரையும்போது மென்பொருள் பக்கத்து எலிமென்ட்டுகளின் எண்களைச் சராசரி எடுத்து வழவழப்பான வானவில்லாகக் காட்டிவிடும். அழகான படத்தை நம்பாதீர்கள். சராசரியை அணைத்துவிட்டுப் பாருங்கள். படிக்கட்டோ ரம்பப் பல்லோ அப்போதுதான் வெளியே வரும்.

சரி, மென்பொருளில் சரிவை எப்படிக் கொடுப்பது? காம்சால் என்ற மென்பொருளில் யங் குணகப் பெட்டியிலேயே சூத்திரத்தைத் தட்டிவிடலாம். பெரிய உருமாற்றம் வரும் கணக்கு என்றால் சிறிய எக்ஸுக்குப் பதில் பெரிய எக்ஸை எழுதுங்கள். சிறிய எக்ஸ் பொருள் நகர்ந்தாலும் இருந்த இடத்திலேயே நின்றுவிடும், பெரியதுதான் பொருளோடு கூடவே நகரும். அபாகஸ் என்ற மென்பொருளில் யுஎஸ்டிஎஃப்எல்டி என்ற சப்ரூட்டினை, அதாவது ஒரு சின்ன நிரலை, ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியில் எழுத வேண்டும். ஃபோர்ட்ரான் என்றதும் ஓடுபவர்களுக்கு ஒரு திருட்டு வழி உண்டு: யங் குணகம் வெப்பநிலையால் மாறும் என்று அட்டவணை கொடுத்துவிட்டு, தூரத்தையே வெப்பநிலையாக ஏற்றிவிடுவது. 5 மில்லிமீட்டரில் இருக்கும் புள்ளிக்கு 5 டிகிரி. மென்பொருள் நம்பிவிடும், பாவம். ஆனால் வெப்ப விரிவுக் குணகத்தைப் பூஜ்ஜியமாக்காவிட்டால், அந்தப் பொய்ச் சூட்டுக்குப் பொருள் நிஜமாகவே விரியும். உங்கள் கணக்கிலேயே உண்மையான வெப்பம் இருந்தால் இந்தத் தந்திரம் செல்லாது.

கடைசியாக ஒரு விருந்து. எட்டு கணு எலிமென்ட்டை எடுத்துக்கொண்டு இரண்டாவது சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இப்போது திரிபு நேர்கோடாக மாற முடியும். கையால் கணக்கிட்டால் தகைவு இரண்டு ஓரங்களிலும் சுமார் 138, நடுவில் சுமார் 156. முன்பைவிட எவ்வளவோ மேல், ஆனாலும் 150 இல்லை. அப்படியானால் 150 எங்கே? காஸ் புள்ளிகளில். எலிமென்ட் தன் தொகையீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் உள்புள்ளிகள் அவை; குறைவான புள்ளிகளோடு முடித்துக்கொள்வதுதான் குறைத்த தொகையீடு, நான் சொல்வது அதன் புள்ளிகளை. அங்கே தகைவு மிகச் சரியாக 150! ஆகவே தகைவைப் படிக்கும்போது ஓரத்தை விட்டுவிட்டு அந்தப் புள்ளிகளில் படியுங்கள்.

நான் எடுத்துக்கொண்டது நேர்கோட்டு ஏற்றம். நீங்கள் அதை அடுக்குக்குறி வளைவாக மாற்றி, அதே எட்டு கணுவில், அதே குறைத்த தொகையீட்டில் ஓட்டிப் பாருங்கள். அந்தப் புள்ளிகளில் 150 அசைகிறதா, அசையவில்லையா? எண்ணோடு காரணத்தையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். காரணம் சொல்லாத எண்ணுக்கு நான் இதயக் குறி போடுவதில்லை.