மரத்தோட பருமன் பார்த்து வீடு கட்டுற பறவைங்க

வணக்கம் மக்களே. கேமராவை தூரமா வெச்சு ஜூம் பண்ணிக் காட்டுறேன், அந்தப் பட்ட மரத்தைப் பாருங்க. பாதி உயரத்துல ஒரு ஓட்டை தெரியுதா? விளிம்பு அவ்வளவு வட்டமா செதுக்கியிருக்கு. அடியில சருகு மேல வெள்ளை வெள்ளையா மரச்சிராய் கிடக்கு, இன்னும் நிறம் மாறல. மரங்கொத்தி இப்பதான் கூடு குடையுது.

மரத்தை அளக்குறவங்க நெஞ்சு உயரத்துல, தரையிலிருந்து சுமாரா 1.3 மீட்டர்ல டேப் சுத்துவாங்க. எவ்வளவு தடி தேறும்னு அவங்களுக்குத் தெரியணும். பறவைக்கும் அதே பருமன்தான் முக்கியம், ஆனா காரணம் வேற. ஒல்லி மரத்துல குடைஞ்சா கூட்டுச் சுவர் மெலிசாயிடும், வெயிலும் குளிரும் உள்ள இறங்கும், பலமா காத்தடிச்சா ஓட்டை இருக்குற இடத்துலயே முறிஞ்சுடும். இருவாச்சி மாதிரி உடம்பு பெருத்த பறவைக்கு இன்னும் சிரமம். அதுக்குக் குடையவே வராது. கிளை ஒடிஞ்சு, உளுத்து, தானா உண்டான பொந்து வேணும். பெண் உள்ள போய் வாசலை அடைச்சுக்கிட்டு அடைகாக்குற அளவுக்குப் பொந்து இருக்கணும்னா மரம் எவ்வளவு வயசானதா இருக்கணும், யோசிங்க.

பருமன் மட்டும் போதுமான்னா, போதாது. என்ன மரம்ங்கிறதும் இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்சது ரெட் காக்கேடட் மரங்கொத்தி. அமெரிக்காவோட தென்கிழக்குல இருக்கு. உயிரோட நிக்குற பைன் மரத்துலதான் குடையும், அதுலயும் லாங்லீஃப் பைன்னா கண்டிப்பா விடாது. பச்சை மரம் ஏன்? வாசலைச் சுத்திக் கொத்திக் கொத்திப் பிசினை வடிய விடும். மரமேறுற பாம்பு அந்தப் பிசினைத் தாண்டி வர முடியாம திரும்பிடும். வயசான மரம் ஏன்? வைரம், அதாவது மரத்தோட நடுக்கட்டை, நல்லா பாய்ஞ்சிருந்தாதான் நடுவுல கூட்டுக்கு இடம். அந்த வைரத்தைப் பூஞ்சை பிடிச்சு மெத்துன்னு ஆக்கியிருந்தா வேலை சுலபம். அப்பவும் ஒரு கூடு முடிய வருஷக்கணக்குல ஆகும். 1989ல ஹ்யூகோ புயல் தென் கரோலினாவுல இந்தக் கூட்டு மரங்களைக் கொத்துக் கொத்தா சாய்ச்சப்போ, மிச்சமிருந்த மரத்தைக் குடைஞ்சு, ரெடிமேட் கூட்டுப் பெட்டியைப் பொருத்திக் கொடுத்தாங்க. புது மரம் முதிர்ற வரைக்கும் பறவையால காத்திருக்க முடியாதுல்ல!

பெரிய மரக்காடுதான் எல்லாப் பறவைக்கும் நல்லதுன்னு நானும் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். கிர்ட்லேண்ட் வார்ப்ளர்னு ஒரு சின்னக் குருவி அதை மாத்திடுச்சு. அமெரிக்காவுல மிச்சிகன் பக்கம், ஜாக் பைன் காட்டுல, 5லிருந்து 20 வயசுக்குள்ள இருக்குற இளங்கன்னுங்க நடுவுலதான் கூடு கட்டும். கூடு தரையில. தாழ்ந்த கிளைங்கதான் அதை மறைக்குது. மரம் வளர்ந்து அடிக்கிளை காய்ஞ்சா குருவி இடத்தைக் காலி பண்ணிடும். முன்னெல்லாம் காட்டுத்தீ வந்து பழசை அழிச்சுப் புதுசை முளைக்க வைக்கும். தீயை அணைக்க ஆரம்பிச்சதும் இளங்காடு குறைஞ்சுது. 1974லயும் 1987லயும் எண்ணிப் பார்த்தப்போ பாடுற ஆண் குருவி 167தான். அப்புறம் முதிர்ந்த மரத்தைப் பகுதி பகுதியா வெட்டி, கன்னு நட்டு, இதுக்குன்னே காட்டை இளசா வெச்சாங்க. இந்தக் குருவியோட கூட்டுல தன் முட்டையைப் போடுற கௌபேர்ட்ங்கிற பறவையையும் பிடிச்சு அகற்றினாங்க. 2019ல அமெரிக்காவோட அழியுற நிலையில இருக்குற உயிரினங்களோட பட்டியலிலிருந்து இந்தக் குருவி வெளிய வந்துடுச்சு.

அதனால ஒரு காட்டுல எல்லா மரமும் ஒரே வயசு, ஒரே பருமன்னு நிக்குறதைப் பார்த்தா எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். ராபர்ட் மெக்கார்தர், ஜான் மெக்கார்தர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1961லயே எழுதினாங்க: எத்தனை வகை மரம்ங்கிறதைவிட, இலை எத்தனை அடுக்குல இருக்குங்கிறதுதான் எத்தனை வகைப் பறவை இருக்கும்னு நல்லா சொல்லுது. புதரும் வேணும், நடு மரமும் வேணும், உச்சியும் வேணும். கூடவே இந்த மாதிரி பட்ட மரமும். விலை போகாதுன்னு முதல்ல வெட்டுறது இதைத்தான். தயவுசெஞ்சு நாலஞ்சையாவது விட்டு வைங்க.

டொக் டொக்னு கேக்குதா? திரும்பி வந்துடுச்சு. பக்கத்து மரத்துல உட்கார்ந்து இங்கயே பாக்குது, உள்ள போகத் தயங்குது. நான் கேமராவை எடுத்துட்டு நகர்றேன் மக்களே.